சர்க்கரை எதிலிருந்து வந்தது? கள் முதல் விஸ்கி வரை ஓர் எளிய விளக்கம்

பீர், ஒயின், பிராந்தி, விஸ்கி, ரம், ஜின், வோட்கா, கள், சாராயம் என்று மதுவுக்கு எத்தனையோ பெயர்கள். பெயர்களைப் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனி வித்தை போலத் தெரியும். ஆனால் எந்த மதுவை எடுத்துக்கொண்டாலும் மூன்று கேள்வி கேட்டால் போதும், விஷயம் பிடிபட்டுவிடும். சர்க்கரை எதிலிருந்து வந்தது? புளித்ததோடு நிறுத்திக்கொண்டார்களா, காய்ச்சி வடித்தார்களா? வடித்த பிறகு அதை என்ன செய்தார்கள்? குடிக்கிறவர்களுக்கும் சரி, வாழ்நாளில் தொடாதவர்களுக்கும் சரி, இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பிராந்தி சூடு, பீர் குளிர்ச்சி, ஒயின் வெறும் பழரசம் என்று ஊரில் சொல்லிக்கொள்வதெல்லாம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

எல்லா மதுவுக்கும் மூலவேலை செய்வது ஈஸ்ட். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை. பழத்தோலில், பூவில், மரப்பட்டையில் எல்லாம் இருக்கிறது. சர்க்கரை நிறைந்த சாறு கிடைத்தால் அதைத் தின்று இரண்டு பொருள்களை வெளியே விடும்: ஒன்று எத்தனால், மதுவில் இருக்கும் ஆல்கஹால் இதுதான், இன்னொன்று கரியமில வாயு. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் புளித்தால் கணக்குப்படி 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் வாயுவும் கிடைக்க வேண்டும். புளிக்கும் பானையில் நுரை கட்டுவதும், மூடியை இறுக்கிய பாட்டில் வெடிப்பதும் இந்த வாயுவால்தான். மனிதர்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மது செய்துவந்தாலும், இது உயிருள்ள ஒன்றின் வேலை என்று ஆதாரத்தோடு நிறுவியவர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த லூயி பாஸ்டர்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால், அது புளித்து ஏறக்குறைய 1 சதவீத ஆல்கஹால் ஆகும். அதனால் சாறு எவ்வளவு இனிப்போ அவ்வளவு வீரியம். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. 14, 15 சதவீதம் நெருங்கும்போது பெரும்பாலான ஈஸ்ட் தான் உண்டாக்கிய ஆல்கஹாலிலேயே செயலிழந்துவிடும். அதற்குமேல் வீரியம் வேண்டுமானால் காய்ச்சித்தான் ஆக வேண்டும்.

முதலில் கள். இதைவிட எளிய மது உலகத்தில் இல்லை என்றே சொல்வேன், மரம் ஏறுகிறவரின் உழைப்பைத் தவிர. பாளை வரும் பருவத்தில் பனையேறி அதை இடுக்கி, நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். அதோடு முடிந்துவிடாது. தினமும் காலையும் மாலையும் ஏறி நுனியைப் புதிதாகச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டுவாய் அடைத்துக்கொண்டு சாறு நின்றுவிடும். அந்தச் சாற்றில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சர்க்கரை. ஈஸ்ட்டை யாரும் தேடிப் போட வேண்டியதில்லை, நேற்றைய கள்ளில் இருந்தது கலயத்தின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சாறு சொட்டச் சொட்டவே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கும்போது இனிப்பும் இளம்புளிப்புமாக, வெள்ளையாக, நுரை ததும்ப இருக்கும். பொழுது ஏற ஏற இனிப்பு போய் 4, 5 சதவீத ஆல்கஹால் வரை சேரும். மறுநாள் மறந்துவிட்டால் வேறொரு பாக்டீரியா புகுந்து அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கிவிடும், அப்போது கையில் இருப்பது காடி.

அதே மரம், அதே பாளை, அதே சாறு. கலயத்தின் உள்ளே மட்டும் சுண்ணாம்பைத் தடவிவிட்டால் அது பதநீர், கொங்குப் பக்கம் தெளுவு. சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பெருக முடியாது, சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. புளித்தலைத் தடுப்பது எப்படி என்று ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமலே நம் பனையேறிகள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் என்பதை நான் உண்மையிலேயே பெரிய விஷயமாக நினைக்கிறேன். தமிழ்நாட்டில் 1987-இல் இருந்து கள் இறக்கத் தடை இருக்கிறது, பக்கத்தில் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இன்றும் நடக்கின்றன. 5 சதவீதக் கள்ளுக்குத் தடை, 42 சதவீத பாட்டிலுக்கு அரசுக் கடை என்றால் அது எந்த நியாயம் என்று கள் இறக்கும் உரிமை கேட்பவர்கள் எழுப்பும் கேள்விக்கு, மதுவின் வீரியத்தை வைத்துப் பார்த்தால் எனக்கும் பதில் தெரியவில்லை.

ஒயினும் ஏறக்குறைய இதே போலத்தான், மரத்துக்குப் பதில் திராட்சைக் கொடி. நன்றாகப் பழுத்த ஒயின் திராட்சையின் சாற்றில் லிட்டருக்கு 200 முதல் 240 கிராம் சர்க்கரை இருக்கும். நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள், 12 முதல் 14 சதவீதம் வருகிறதா? ஒயின் பாட்டில்களில் இருப்பதும் அதுதான். சிவப்பு ஒயினுக்கும் வெள்ளை ஒயினுக்கும் உள்ள வித்தியாசம் தோல். கருப்புத் திராட்சையை உரித்துப் பார்த்தால் பெரும்பாலான வகைகளில் உள்ளே சதை வெளிறியே இருக்கும், நிறமும் துவர்ப்பும் தோலில்தான். தோலோடு சேர்த்துப் புளிக்கவைத்தால் சிவப்பு, பிழிந்த சாற்றை மட்டும் புளிக்கவைத்தால் வெள்ளை. அதனால் கருப்புத் திராட்சையில் இருந்தும் வெள்ளை ஒயின் செய்யலாம், பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் காலங்காலமாகச் செய்கிறார்கள். ஷாம்பெயினில் இன்னொரு வேலையும் உண்டு. புளித்து முடிந்த ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். உள்ளேயே இரண்டாவது முறை புளித்து, வாயு வெளியேற வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்துவிடும். திறக்கும்போது தக்கை பறப்பது அந்த அழுத்தத்தில்தான். போர்ச்சுகலின் போர்ட் ஒயின் வேறு வழி: பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி ஈஸ்ட்டை நிறுத்திவிடுவார்கள், மீதிச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அதனால் அது இனிப்பாகவும் இருக்கும், 20 சதவீதத்தை ஒட்டி வீரியமாகவும் இருக்கும்.

பீருக்கு வரும்போது ஒரு சிக்கல் எழுகிறது. பார்லி, அரிசி, கோதுமை, சோளம் எதிலும் சர்க்கரை பெரிதாக இல்லை, இருப்பது மாவுச்சத்து. மாவுச்சத்தை பீர் ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அதை யாராவது சர்க்கரையாக உடைத்துக் கொடுக்க வேண்டும். சோற்றை விழுங்காமல் வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தால் இனிப்புத் தட்டுமே, அந்த உடைப்பைச் செய்வது நம் எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி. தானியம் முளைக்கும்போதும் இதே நொதி உண்டாகும். முளைகட்டிய கேழ்வரகு லேசாக இனிப்பதற்குக் காரணம் அதுதான். பீர் செய்கிறவர்கள் பார்லியை ஊறவைத்து, முளைவிட வைத்து, முளை நீண்டு சத்தையெல்லாம் தின்றுவிடுவதற்குள் சூடான காற்றில் உலர்த்தி நிறுத்திவிடுவார்கள். இப்படி முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதிகமாக வறுத்தால் பீர் காப்பி நிறத்துக்குப் போகும், மிதமாக உலர்த்தினால் பொன்னிறம்.

மால்ட்டை நொறுக்கி, 65 டிகிரியை ஒட்டிய சுடுநீரில் ஒரு மணி நேரம் போல ஊறவிட்டால் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். இந்தச் சூட்டில் கவனம் தேவை, கொதிநீரை ஊற்றினால் நொதி அழிந்துபோய் வெறும் கஞ்சிதான் மிஞ்சும். பிறகு இனிப்பு நீரை வடித்தெடுத்து, ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைப் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். பீரின் கசப்பு ஹாப்ஸ் கொடுப்பது, பீர் சீக்கிரம் கெடாமல் காப்பதும் அதுவே. ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் சில நாட்களில் பீர். ஜெர்மனியின் பவேரியாவில் 1516-இல் போட்ட புகழ்பெற்ற சட்டம், பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்றது. ஈஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை, அது உயிருள்ள ஒன்று என்பது அன்று யாருக்கும் தெரியாது. வெதுவெதுப்பில் சீக்கிரம் புளிக்கும் ஈஸ்ட்டில் செய்தால் ஏல், குளிரில் மெதுவாகப் புளித்து வாரக்கணக்கில் தெளியவிட்டால் லாகர். நம் கடைகளில் விற்கும் பீர் பெரும்பாலும் லாகர் வகைதான்.

ஜப்பானியர்கள் முளைகட்டும் வேலையை ஒரு பூஞ்சணத்திடம் கொடுத்துவிட்டார்கள். வேகவைத்த அரிசியில் கோஜி என்ற பூஞ்சணத்தை வளர்த்தால் அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், அதே தொட்டியில் கூடவே ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். இப்படிக் கொஞ்சங்கொஞ்சமாகச் சர்க்கரை வந்துகொண்டே இருப்பதால் சாக்கே என்ற இந்த அரிசி மது காய்ச்சாமலே 18 சதவீதத்தைத் தாண்டக்கூடும், தண்ணீர் கலந்து 15, 16-க்குக் குறைத்து விற்பார்கள். அருணாச்சலப் பிரதேசத்தில் வீடுகளில் செய்யும் அபோங்கும் அரிசி மதுதான்.

இனி காய்ச்சுதல். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். புளித்த சரக்கைச் சூடாக்கினால் எழும் ஆவியில் தண்ணீரைவிட எத்தனாலின் பங்கு கூடுதலாக இருக்கும், அதைக் குளிரவைத்துச் சொட்டவிட்டால் வீரியம் ஏறிய திரவம். இவ்வளவுதான் தத்துவம். போலீஸ்காரர்கள் ஊறலை அழித்ததாகச் செய்தி வருமே, அந்த ஊறல் என்பது வெல்லமும் வேலம்பட்டையும் பழங்களும் போட்டுப் புளிக்கவைத்தது. பானைமேல் பானை வைத்து அதை வடித்தால் சாராயம். ஸ்காட்லாந்தின் பளபளக்கும் செப்புக் கொப்பரையில் நடப்பதும் அடிப்படையில் அதே வேலை. அங்கே முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி நடுப்பகுதியை மட்டும் எடுப்பார்கள். முதலில் வருவதில் பெயிண்ட் நெடி அடிக்கும் பொருள்கள், கடைசியில் வருவதில் கனமான எண்ணெய்ப் பொருள்கள். எங்கே வெட்டுவது என்பதில்தான் காய்ச்சுகிறவரின் கைப்பக்குவம் இருக்கிறது. அயர்லாந்தில் முன்பு கலால் அதிகாரியாக இருந்த ஈனியஸ் காஃபி, 1830-இல் நிற்காமல் தொடர்ந்து வடிக்கும் உயரமான கோபுர இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மதுத் தொழிலின் தலையெழுத்தையே மாற்றிய சாதனம் அது. கொப்பரையில் மூலப்பொருளின் மணம் தங்கும்; கோபுரத்தில் 95, 96 சதவீதம் வரை சுத்தமான, மணமில்லாத ஆல்கஹாலை மலிவாக, டேங்கர் டேங்கராக எடுக்கலாம்.

கள்ளச்சாராயச் சாவுகள் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அது சரியாகக் காய்ச்சாததால் வந்த சாவு இல்லை. மெத்தனால் என்ற வேறொரு ஆல்கஹால் கலந்ததால் வந்தது. மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படும் பொருள். மலிவு, போதை ஏறும் என்பதற்காகக் கலக்கிறார்கள். பழங்கள் புளிக்கும்போதும் சிறிதளவு மெத்தனால் உண்டாகும்தான், ஆனால் கூட்டம் கூட்டமாகச் சாகும் அளவுக்கு அது வெளியிலிருந்து ஊற்றப்படுவதால்தான் சேர்கிறது. நிறத்தாலோ வாசனையாலோ ருசியாலோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும், அது கண் நரம்பைத் தாக்கும். விளைவு தெரியப் பல மணி நேரம் ஆகலாம் என்பதால் ராத்திரி நன்றாகத்தானே இருந்தார் என்று வீட்டார் ஏமாந்துவிடுகிறார்கள். பார்வை மங்குகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் மோர் கொடுத்து நேரத்தைக் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சீக்கிரம் போனால் மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் உயிரைக் காப்பாற்றும்.

சரி, காய்ச்சிய மதுவகைகள். மூலப்பொருளைச் சொன்னாலே பெயர் வந்துவிடும். ஒயினைக் காய்ச்சினால் பிராந்தி. பிரான்ஸின் கோன்யாக் ஊரைச் சுற்றிய பகுதியில் செப்புக் கொப்பரையில் இரண்டு முறை காய்ச்சி, ஓக் பீப்பாயில் குறைந்தது 2 வருஷம் வைத்தது கோன்யாக். ஹாப்ஸ் போடாத பீரைக் காய்ச்சிப் பீப்பாயில் அடைத்தால் விஸ்கி. கரும்பில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸ் பாகைப் புளிக்கவைத்துக் காய்ச்சினால் ரம். மெக்சிகோவின் நீலக் கற்றாழை வகையான அகாவேயின் தண்டுக் கிழங்கைச் சுட்டுப் பிழிந்து செய்தால் டெக்கீலா. மணமில்லாமல் சுத்தமாக வடித்துத் தண்ணீர் சேர்த்தால் வோட்கா, அந்தச் சுத்தச் சாராயத்தில் ஜூனிப்பர் காயின் வாசத்தை ஏற்றினால் ஜின். கோவாவில் முந்திரிப் பழத்தைப் பிழிந்து புளிக்கவைத்துக் காய்ச்சுவது ஃபெனி, 2009-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இலங்கையில் தென்னங்கள்ளைக் காய்ச்சித் தென்னஞ்சாராயம் செய்கிறார்கள். அங்கே மேற்குக் கடற்கரையில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, இறங்காமலே கயிற்றில் நடந்து போய்க் கள் சேகரிப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பீப்பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொப்பரையில் இருந்து வரும்போது விஸ்கி தண்ணீர் போல நிறமில்லாமல் இருக்கும். பொன்னிறம், வனிலா வாசம், மென்மை எல்லாம் பெரும்பாலும் மரத்தில் இருந்து வருபவை. ஸ்காட்ச் என்று பெயர் போட வேண்டுமானால் ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் இருந்தாக வேண்டும். அமெரிக்காவின் பர்பன் விஸ்கிக்கு உள்ளே கரிக்கிய புதிய ஓக் கொள்கலன்தான் வேண்டும் என்பது சட்டம், அதனால் ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. பீப்பாயின் மரத்துளைகள் வழியாக வருஷத்துக்கு 2 சதவீதம் போல அங்கே ஆவியாகிப் போகும். பெங்களூரு வெயிலில் இந்த இழப்பு 10 சதவீதத்தை ஒட்டிப் போய்விடும், ஆனால் அதே வெயிலில் விஸ்கி சீக்கிரம் முதிரவும் செய்யும். பெங்களூருவின் அம்ருத் சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில் மால்ட்டில் மட்டும் செய்த விஸ்கி) 2004-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே போய் அறிமுகமாகிப் பேர் வாங்கியது.

ஆனால் நம் ஊர்க் கடையில் விற்கும் எல்லா விஸ்கியும் இப்படி வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் செய்யும் அயல்நாட்டு மது என்று அரசு வகைப்படுத்தும் விஸ்கி, பிராந்தி, ரம்மில் மலிவானவை பெரும்பாலும், காஃபி கோபுரத்தின் வழிவந்த இயந்திரங்களில் மொலாசஸில் இருந்தோ தானியத்தில் இருந்தோ வடித்த 96 சதவீத மணமற்ற சாராயத்தில் தண்ணீர், நிறத்துக்குக் கேரமல், வாசனைப் பொருள் சேர்த்தவை. நல்ல பெயர் உள்ளவற்றில் கொஞ்சம் அசல் மால்ட் சாராயமோ திராட்சைச் சாராயமோ கலந்திருக்கும். மொலாசஸில் செய்ததை ஐரோப்பாவில் விஸ்கி என்று விற்கவே முடியாது, அங்கே தானியத்தில் செய்து 3 வருஷம் மரத்தில் வைத்தால்தான் அந்தப் பெயர். அதனால் சளிக்கு நல்லது என்று பிராந்தியை மருந்துபோல வாங்கி வைப்பவர்கள் யோசிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் விஸ்கி பாட்டிலுக்கும் அதற்கும் வித்தியாசம் பல நேரம் வாசனை மட்டும்தான். உள்ளே போய் வேலை செய்யும் எத்தனால் ஒரே எத்தனால். பிராந்தி குடித்ததும் உடம்பு சூடாவது போலத் தோன்றுவது, தோலுக்குக் கீழே ரத்தக் குழாய்கள் விரிவதால். உண்மையில் உடம்பு வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறது.

பீர் லேசு என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இங்கே விற்கும் விஸ்கி, பிராந்தி போன்ற சரக்குகளில் 42.8 சதவீதம் என்று எழுதியிருக்கும், சிலவற்றில் 75 டிகிரி ப்ரூஃப் என்றும் போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். 30 மில்லி சின்ன பெக்கில் சுத்த ஆல்கஹால் 12.8 மில்லி. 650 மில்லி பீர் பாட்டில் ஒன்று, சாதாரண 5 சதவீதம் என்றால் அதில் 32.5 மில்லி, அதாவது இரண்டரை பெக். ஸ்ட்ராங் என்று போட்ட பீரில் 8 சதவீதம் வரை இருக்கலாம், அப்படியானால் 52 மில்லி, நான்கு பெக்குக்குச் சமம். வெயிலுக்குக் குளிர்ச்சியாக ஒரே ஒரு பீர்தான் குடித்தேன், வண்டி ஓட்டுவேன் என்று சொல்கிறவர் கையில் இருந்தது எந்த பாட்டில் என்று கேட்டுப் பாருங்கள். சதவீதம் லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பாட்டிலின் அளவோடு பெருக்கி நூறால் வகுத்தால் உள்ளே போகும் ஆல்கஹாலின் மில்லிக் கணக்கு வந்துவிடும்.